பின்மாரியும் கண்மாயும்: தமிழ்ச் சுவிசேஷ மரபில் நிலமும் நீரும் – பந்தல்குடி வறள்நிலத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவமும் சூழலியலும் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஆதியாகமத்தின் ஆளுகைக் கட்டளையை மையமாகக் கொண்டே நடந்து வந்துள்ளது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி நிலத்தில் நின்று நோக்கும்போது, தமிழ்ச் சுவிசேஷ மரபின் சிக்கல் அக்கட்டளையில் இல்லை என்பதும், மழை, கிணறு, முள், அறுவடை ஆகிய நிலம்சார் சொற்கள் முழுமையாக ஆன்மிக உருவகங்களாக மாறிவிட்டதில்தான் உள்ளது என்பதும் புலனாகின்றன. வேதத்தை நேர்ப்பொருளில் வாசிப்பதாகக் கூறும் மரபு, நிலத்தைப் பற்றிய பகுதிகளில் மட்டும் நேர்ப்பொருளைக் கைவிட்டுள்ள முரணை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அம்முரணைக் களைவதற்கான வழி அம்மரபினுள்ளேயே இருப்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சுவிசேஷ மரபு, சூழலியல் திறனாய்வு, வேதாகம மொழிபெயர்ப்பு, கரிசல், பாலை, பனை, உக்கிராணத்துவம்.

முன்னுரை

மதுரை – தூத்துக்குடி நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டைக்கும் எட்டயபுரத்திற்கும் இடையில் அமைந்த ஊர் பந்தல்குடி. கரிசலும் செவலும் கலந்த இந்நிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. அம்மழையைக் கண்மாயில் தேக்கினால் வேளாண்மை உண்டு; தவறினால் இல்லை. நிலத்தின் மேல் கம்பும் சோளமும் பருத்தியும் மல்லியும் விளைகின்றன. நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அச்சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருளாக வெட்டியெடுக்கப்படுகிறது. கண்மாய் வண்டலும் கல்வெட்டுக் குழியும் ஒருசேரக் காணப்படும் இந்நிலம், மனிதருக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைப் பற்றி எந்தச் சமய மரபையும் வினவுவதற்குத் தகுதியான களம்.

1967ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் லின் ஒயிட் எழுதிய கட்டுரை, இன்றைய சூழலியல் நெருக்கடியின் வேர் மேலைக் கிறித்தவத்தின் மனிதமையப் பார்வையில் உள்ளது என்று வாதிட்டது. அதற்கு மறுமொழி கூறிய சுவிசேஷச் சிந்தனையாளருள் முன்னோடி பிரான்சிஸ் ஷேபர். அவருடைய நூல் 1970இல் வெளிவந்தது. அமெரிக்கச் சுவிசேஷச் சூழலியல் அமைப்பின் 1994ஆம் ஆண்டு அறிக்கை, இலௌசான் இயக்கத்தின் 2010ஆம் ஆண்டு கேப்டவுன் உறுதிமொழி, 2012இல் ஜமைக்காவில் கூடிய படைப்புப் பராமரிப்புக் கலந்தாய்வு ஆகியவை அவ்விவாதத்தின் அடுத்தடுத்த நிலைகள். இந்தியாவில் பெங்களூருவைச் சேர்ந்த இறையியலாளர் கென் ஞானகன் 1999இல் சூழலியல் இறையியல் நூல் ஒன்றை எழுதினார்.

இவ்விவாதம் அனைத்திலும் குற்றச்சாட்டும் மறுப்பும் ஒரே வினாவைச் சுற்றுகின்றன: பூமியை ஆளும் உரிமையை வேதம் மனிதருக்கு வழங்கியதா? தொழில்மயமான நாடுகளுக்கு இவ்வினா பொருந்தும். மழையை எதிர்பார்த்துப் புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் மானாவாரிக் குடியானவர், தாம் பூமியை ஆள்வதாக ஒருநாளும் எண்ணியிருக்க மாட்டார். ஆகவே இந்நிலத்தில் கேட்கத்தக்க வினா வேறு. அது வாசிப்பைப் பற்றிய வினா.

சுவிசேஷ மரபு: வரையறையும் வட்டார வரலாறும்

வேதாகமத்தின் மேலதிகாரம், தனிமனித மனமாற்றம், சிலுவை மீட்பு, நற்செய்தி அறிவித்தல் ஆகிய நான்கினையும் அடிப்படையாகக் கொண்ட சீர்திருத்தக் கிறித்தவப் போக்கினையே இக்கட்டுரை 'சுவிசேஷ மரபு' எனக் குறிக்கிறது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு பகுதியினர், பெந்தெகொஸ்தே சபைகள், தன்னாட்சிச் சபைகள் எனப் பரந்துள்ளது.

இவ்வட்டாரத்தில் அதன் வேர் அமெரிக்கன் மதுரை மிஷன். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த இம்மிஷன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சுழிப் பகுதியின் மண்டபசாலையில் ஒரு நிலையத்தை அமைத்தது. 1876–78 பஞ்சம் இந்நிலத்தைச் சூறையாடியதைக் கண்ட மிஷன் இது. அதன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. பஞ்சமும் வறட்சியும் இம்மரபுக்கு வெளியிலிருந்து வந்த செய்திகள் அல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. இந்திய அளவிலும் நிலை இதுவே: 1966–67 பீகார் வறட்சியின் பின்னணியில், 1967இல் இந்தியச் சுவிசேஷ ஐக்கியம் தன் துயர்துடைப்பு அமைப்பான எஃபிகாரைத் தொடங்கிற்று. பசித்தவருக்குச் சோறிடுவதில் இம்மரபு பின்தங்கியதில்லை. பசியை உண்டாக்கிய நிலத்தின் சிதைவை இறையியல் பொருளாக அது கொண்டதா என்பதே கேள்வி.

மழையும் அறுவடையும்: பொருள் உருவகமான விதம்

தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில் 'முன்மாரி', 'பின்மாரி' என்னும் இரு சொற்கள் உள்ளன. பாலஸ்தீன நாட்டில் ஐப்பசியை ஒட்டிப் பெய்து விதைப்பைத் தொடங்கிவைப்பது முன்மாரி. பங்குனியை ஒட்டிப் பெய்து கதிரை முற்றச் செய்வது பின்மாரி. இரண்டும் உழவர் சொற்கள். 20ஆம் நூற்றாண்டின் பெந்தெகொஸ்தே எழுப்புதல், பின்மாரி என்பதைக் கடைசிக் காலத்தில் பொழியும் பரிசுத்த ஆவி எனப் பொருள்கொண்டது. இன்று தமிழ்ச் சபைகளில் பின்மாரி என்ற சொல்லைக் கேட்பவர் மனத்தில் மேகம் தோன்றுவதில்லை, கூட்டம் தோன்றுகிறது. 'வறண்ட நிலம்' என்பது சோர்ந்த உள்ளம். 'அறுவடை' என்பது ஆத்தும ஆதாயம். 'ஊற்று' என்பது உட்கிளர்ச்சி.

இவ்வுருவகங்கள் பிழையானவை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. தீர்க்கதரிசிகளும் நற்செய்தியாளர்களும் உருவகமாகப் பேசியுள்ளனர். ஆயினும் அவர்களிடம் உருவகம் பொருளின்மீது நின்றது. வெட்டுக்கிளி தின்ற வயலைப் பற்றிப் புலம்பிய யோவேலின் நூலில்தான் ஆவியின் பொழிவும் கூறப்படுகிறது. வயல் மீண்டும் விளையும் என்னும் வாக்குறுதிக்குப் பின்னரே அது வருகிறது. முதற்பகுதியை விலக்கிவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் வாசிக்கும்போது, உருவகம் தன்னைத் தாங்கிய பொருளை விழுங்கிவிடுகிறது.

இம்மரபின் முற்காலத் தமிழிலக்கியம் இவ்வாறு இருக்கவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி' 1800இல் இயற்றப்பட்டது. மலைவளம், நாட்டுவளம், பறவை பிடித்தல் என்னும் குறவஞ்சி உறுப்புகளை அவர் ஞானப்பொருளுக்கு மாற்றினார். ஆனால் அவ்வுறுப்புகளின் உலகியல் செறிவைக் கைவிடவில்லை. நோவாவின் பேழை கட்டப்படுவதைப் பொருளாகக் கொண்ட அவரது 'ஞானத்தச்ச நாடகம்', மீட்பைத் தச்சுத் தொழிலாகவும் உயிரினங்களைக் காக்கும் பணியாகவும் காட்சிப்படுத்துகிறது. அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் தொகுத்த கிறித்தவக் கீர்த்தனை நூலின் வழியே சாஸ்திரியாரின் பாடல்கள் இவ்வட்டாரச் சபைகளிலும் பரவின. பெயருள்ள மரமும் பெயருள்ள பறவையும் இடம்பெற்ற அம்மரபிலிருந்து, 'மழை', 'நதி', 'வனாந்தரம்' என்னும் பொதுச்சொற்களால் மட்டும் இயங்கும் இன்றைய எழுப்புதல் பாடலுக்கு வந்திருப்பது இலக்கிய நோக்கிலும் சுருக்கமே.

ஈசாக்கின் கிணறுகள் இதற்குத் தெளிவான சான்று. ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமின் வேலைக்காரர் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்க்கின்றனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டித் தந்தை இட்ட பெயர்களையே இடுகிறார். புதிய கிணறுகளுக்காக வழக்கு எழுகிறது; வழக்கில்லாத கிணறு கிடைக்கும்வரை அவர் இடம்பெயர்கிறார். தூர்த்தல், தூர்வாருதல், நீருரிமைப் பூசல், விட்டுக்கொடுத்தல் என நான்கும் அடங்கிய இப்பகுதியைவிடக் கண்மாய்ப் பாசன நாட்டிற்குப் பொருந்தும் வேதப்பகுதி வேறொன்று இருக்க முடியாது. எனினும் இது வழக்கமாக 'இழந்த ஆசீர்வாதங்களைத் திரும்பப் பெறுதல்' என்றே விளக்கப்படுகிறது. 'ரெகொபோத்' வீடுகளுக்கும் சபைகளுக்கும் பெயராகியுள்ளது. ஊர்க் கண்மாய் தூர்ந்து கிடக்கும்போது, தூர்ந்த கிணற்றைப் பற்றிய பிரசங்கம் கண்மாயைக் குறிப்பிடாமலே முடிகிறது. குடிமராமத்து என்னும் பழஞ்சொல்லை 2017இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டத்தின் பெயராக மீட்டெடுத்தது. அச்சொல்லுக்குரிய வேதப்பகுதி சபையின் கையில் அதற்கு முன்பே இருந்தது.

குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய அறிவுரையை (புறநானூறு 18) இங்கு நினைவுகூரலாம். மறுமைச் செல்வமும் வெற்றியும் புகழும் வேண்டின், பள்ளமான இடங்களில் நீர்நிலை அமைக்க வேண்டும் என்கிறார் புலவர். மறுமையை நீர்த்தேக்கத்தோடு நேரடியாக இணைத்த பாண்டிநாட்டு மரபு அது. மறுமையை முதன்மையாகப் பேசும் சுவிசேஷ மரபுக்கு அது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

முள்: சாபமா, திரிபா?

ஆதாமின் வீழ்ச்சிக்குப் பின் நிலம் 'முள்ளும் குருக்கும்' தரும் எனப் பழைய திருப்புதல் கூறுகிறது. இவ்வட்டாரத்தின் நிலக்காட்சியை இன்று ஆள்வது முள்தான். மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட சீமைக்கருவேலம் கண்மாய் உட்பரப்பையும் தரிசையும் மூடியுள்ளது. இதைச் சாபத்தின் அடையாளமாகக் காண்பது பிரசங்க மேடைக்கு எளிது. ஆனால் இம்முள் வீழ்ச்சியின் நாளில் முளைத்ததன்று. விறகுத் தேவைக்காகவும் வறள்நிலத்தைப் பசுமையாக்கும் நோக்கத்துடனும் மனிதர் கொண்டுவந்து விதைத்தது. கொள்கை முடிவு ஒன்றன் விளைவைச் சாபம் என்று கூறும்போது பொறுப்பு மறைகிறது. சாபத்திற்குத் தூம்பாவும் கடப்பாறையும் தேவையில்லை. செபம் போதும் என்ற எண்ணம் வலுப்பெறுகிறது.

தமிழ்த் திணைக் கோட்பாடு இதற்கு மாற்றான சிந்தனையை வழங்குகிறது. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் நிலையே பாலை என்கிறது. இதன்படி பாலை ஒரு நிலமன்று. நிலத்தின் ஒரு நிலை. திரிந்தது மீளவும் கூடும். சாபம் என்னும் சொல் நிலத்தின் தீர்ப்பைக் கூறுகிறது. திரிபு என்னும் சொல் நிலத்தின் வரலாற்றைக் கூறுகிறது. படைப்பு முழுவதும் பிரசவ வேதனைப்பட்டு விடுதலைக்குக் காத்திருப்பதாகப் பவுல் ரோமர் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் எழுதுவதும் தீர்ப்பின் மொழியன்று, மீட்சியின் மொழி. திணை மரபும் பவுலும் சந்திக்கும் இவ்விடம் தமிழ்ச் சூழலியல் இறையியலுக்கு உரிய தொடக்கப் புள்ளி.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. 2017இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது, அதனை முற்றாக ஒழிப்பதே நன்மை என்னும் கருத்து பரவியது. ஆனால் விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் இம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் நிலமற்ற உழைப்பாளர்கள். முள்ளைச் சாபம் என்று வெறுப்பதும், முள்ளைப் பகை என்று ஒழிக்க முனைவதும், அதனால் உலை வைப்பவரைக் காணத் தவறினால், ஒரே பிழையின் இரு வடிவங்களாகும்.

உக்கிராணக்காரர் யார்?

சுவிசேஷச் சூழலியலின் தலையாய கருத்து, மனிதர் பூமியின் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளரே என்பது. பழைய திருப்புதல் இதற்குரிய சொல்லை 'உக்கிராணக்காரன்' என்கிறது. உக்கிராணம் என்பது களஞ்சிய அறை. களஞ்சியத்துப் பொருள் உக்கிராணக்காரனுடையதன்று. அதை அளந்து உரியவர்க்கு உரிய வேளையில் கொடுப்பதே அவன் கடமை. இதைவிடச் செறிவான சூழலியற் சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. ஆயினும் இன்றைய சபை வழக்கில் 'உக்கிராணத்துவம்' என்பது பெரும்பாலும் காணிக்கை, தசமபாகம் ஆகியவற்றையே குறிக்கிறது. களஞ்சியம் பணப்பெட்டியாகச் சுருங்கிவிட்டது.

இச்சொல்லை மீண்டும் விரிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இவ்வட்டாரச் சபைகளின் உறுப்பினருள் பலர் நிலவுடைமை மறுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள். நிலமே இல்லாதவரிடம் நிலத்தைப் பராமரிக்கும் பொறுப்பைப் போதிப்பது நேர்மையாகுமா? கல்வெட்டுக் குழியில் கூலிக்கு உழைப்பவரும், குழியின் கல்லால் பொருளீட்டுபவரும், அக்கல்லிலிருந்து வரும் சிமெண்டால் பெரிய ஆலயம் எழுப்பும் சபையும் ஒரே அளவில் பொறுப்பாளர்கள் அல்லர். மேலைநாட்டுச் சுவிசேஷ அறிக்கைகள் 'நாம்' என்று பொதுவாகப் பேசுகின்றன. தமிழ் வறள்நிலத்தில் அந்த 'நாம்' சாதியாலும் உடைமையாலும் பிளவுண்டது. லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலத்திற்கு ஓய்வாண்டு விதிப்பதோடு, நிலத்தை நிரந்தரமாக விற்கவும் தடை செய்கிறது. இழந்தவருக்கு அது திரும்ப வேண்டும் என்கிறது. நிலத்தின் ஓய்வும் நிலத்தின் நீதியும் ஒரே அதிகாரத்தில் இடம்பெறுவதைச் சுவிசேஷச் சூழலியல் போதிய அளவு கவனிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

பனை: உருவகம் பொருளுக்குத் திரும்பும் இடம்

இதற்கு மாறான போக்குகளும் இம்மரபில் உண்டு. 92ஆம் சங்கீதத்தில் நீதிமானுக்கு உவமையாக வரும் பேரீச்சையைப் பழைய திருப்புதல் 'பனை' என்று பெயர்த்தது. தாவரவியல் நோக்கில் இது துல்லியமன்று. ஆனால் நிலத்தறிவு நோக்கில் நுட்பமானது. வறட்சியில் நிமிர்ந்து நிற்கும் மரம் எது என்று தமிழ் வாசகரைக் கேட்டால் பனை என்பதே விடை. மொழிபெயர்ப்பாளர் உவமையை மண்ணில் நட்டார்.

பனையோடு சுவிசேஷ மரபுக்குள்ள உறவு இருமுகம் கொண்டது. கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி எழுதிய நூல், அம்மக்களைத் தாழ்த்தும் பார்வையால் பின்னர்க் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மதுவிலக்கில் உறுதியாக நின்ற சபைகள் கள்ளை மறுத்தன. பதநீரையும் கருப்பட்டியையும் ஏற்றன. கள்ளுக்கும் பதநீருக்கும் உள்ள வேறுபாடு கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்புதான். பந்தல்குடி மண்ணின் அடியிலுள்ள பொருளும் அதன் மேல் நிற்கும் மரமும் அக்கலயத்தில் சந்திக்கின்றன. சுண்ணாம்பின் பயன் ஒரு கைப்பிடி அளவிலும் அமையலாம், ஒரு மலையளவிலும் அமையலாம் என்பதை எண்ணும்போது, பண்படுத்துதலுக்கும் கீழ்ப்படுத்துதலுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் இரண்டாம் சொல்லையும், இரண்டாம் அதிகாரம் முதற்சொல்லையும் 'காத்தல்' என்பதோடு சேர்த்துத் தருகின்றன. எபிரேய மூலத்தில் பண்படுத்துதலுக்குரிய வினை 'பணிசெய்தல்' என்றும் பொருள்படும்.

அண்மைக் காலத்தில் மெதடிஸ்ட் திருச்சபைப் போதகரான காட்சன் சாமுவேல், மும்பையிலிருந்து நாகர்கோவில்வரை இருசக்கர வாகனத்தில் பனையைத் தேடிப் பயணம் செய்து 'பனைமரச் சாலை' என்னும் நூலை எழுதினார். பனையை உவமையாக அன்றிப் பனையாகவே, பனையேறியைத் தொழில்வல்லாராகவே காணும் போதகர் ஒருவரின் எழுத்து என்பதால் அது இவ்விவாதத்திற்கு முதன்மையான ஆவணம். இறையியல் அறிக்கைகள் செய்யாததை ஒரு பயணநூல் செய்திருக்கிறது: சபையின் கண்ணை மரத்தின் மீது திருப்பியிருக்கிறது.

சபைகளின் வழிபாட்டு ஆண்டிலும் இத்தகைய இடம் ஒன்றுண்டு. அறுப்பின் பண்டிகையன்று விளைந்த தானியமும் காயும் கோழியும் ஆடும் ஆலயத்திற்கு வருகின்றன, ஏலத்தில் விடப்படுகின்றன. 'அறுவடை' என்பது ஆன்மாவைக் குறிக்காமல் கம்பையும் உளுந்தையும் குறிக்கும் நாள் அது. அந்நாளைப் பொருள் திரட்டும் நாளாக மட்டும் காணாமல், அவ்வாண்டு மழை எவ்வளவு பெய்தது, கண்மாய் எவ்வளவு நிறைந்தது, விளையாத நிலம் எவ்வளவு என்று சபை கணக்குப் பார்க்கும் நாளாகவும் கொள்ளலாம்.

இறுதிக்காலம் என்னும் மறுப்பு

இவ்வாதத்திற்குச் சுவிசேஷ மரபினுள்ளிருந்தே ஒரு மறுப்பு எழும். பூமி நெருப்பால் அழியப்போகிறது என்று இரண்டாம் பேதுரு நிருபத்தின் 3ஆம் அதிகாரம் கூறும்போது, அழியப்போவதைப் பராமரிப்பது ஏன்? இம்மறுப்பை எள்ளி ஒதுக்குவது திறனாய்வன்று. வேதத்தின் அதிகாரத்தை ஏற்போருக்கு இது உண்மையான தடை.

இதற்கு மூன்று மறுமொழிகள் அம்மரபின் நெறிப்படியே கூறத்தக்கன. முதலாவது, அப்பகுதியின் கிரேக்கக் கையெழுத்துப் படிகள் வேறுபடுகின்றன. பூமி எரிந்துபோகும் என்பது ஒரு பாடம். பூமியும் அதிலுள்ள செயல்களும் வெளிப்படுத்தப்படும் என்பது பழமையான படிகளின் பாடம். 1871இல் நிறைவுற்ற பவர் குழுவின் திருப்புதலை அடியொற்றிய பழைய திருப்புதல் முதற்பாடத்தையே தமிழில் நிலைபெறச் செய்தது. பாடவேறுபாட்டாய்வில் பழகிய தமிழ் ஆய்வாளருக்கு இதன் முதன்மை விளங்கும். இரண்டாவது, அதே நிருபம் உலகின் முதல் அழிவாக நோவாவின் வெள்ளத்தைக் கூறுகிறது. வெள்ளத்திற்குப் பின்னும் பூமி இருந்தது, உயிரினங்களும் காக்கப்பட்டிருந்தன. மூன்றாவது, பூமியைக் கெடுத்தவர்களுக்குத் தண்டனை உண்டு என வெளிப்படுத்தின விசேஷத்தின் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அழியப்போவதால் கெடுக்கலாம் என்னும் வாதத்திற்கு அங்கு இடமில்லை.

வெள்ளத்தைப் பற்றிப் பேசுகையில் திருச்சுழியின் தலபுராணம் நினைவுக்கு வருகிறது. ஊழி வெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் சூலத்தால் நிலத்தைக் குத்த, வெள்ளம் சுழித்து உள்ளிறங்கியதால் ஊர் சுழியல் ஆயிற்று என்பது அது. நீரற்ற நாடு தன் ஊர்ப்பெயரில் நீரின் நினைவைச் சுமக்கிறது. நோவாவின் கதையைப் போதிக்கும் சபையும் சுழியலின் கதையைச் சொல்லும் கோயிலும் நம்பிக்கையால் வேறுபட்டவை. ஆனால் ஒரே குண்டாற்றின் படுகையில் இருப்பவை. ஆறு வற்றினால் இரண்டிற்கும் வற்றும்.

முடிவுரை

தமிழ்ச் சுவிசேஷ மரபின் சூழலியல் குறைபாடு, வேதத்தை மிகையாக நம்பியதால் நேர்ந்ததன்று. நிலத்தைப் பற்றிய பகுதிகளில் அதை எழுத்தின்படி வாசிக்காததால் நேர்ந்தது. ஆகவே வெளியிலிருந்து ஒரு புதிய சூழலியல் கோட்பாட்டை அதன்மேல் ஏற்றுவதைக் காட்டிலும், அதன் சொந்த வாசிப்பு நெறியை நிலத்திற்கும் நீட்டிக்குமாறு கேட்பதே பயன்தரும். பின்மாரி மழையையும், துரவு கிணற்றையும், உக்கிராணம் களஞ்சியத்தையும், பனை பனையையும் முதலில் குறிக்கட்டும். ஆன்மிகப் பொருள் அதன்மேல் நிற்கட்டும்.

தென்னிந்தியத் திருச்சபையின் சினாடு சூழலியலுக்கெனத் தனித்துறையே வைத்துள்ளது. எனினும் மாற்றம் அறிக்கைகளில் முடிவு செய்யப்படுவதில்லை; பிரசங்கத்தின் மொழியில் முடிவு செய்யப்படுகிறது. பந்தல்குடி வட்டாரத்தின் ஒரு சிற்றாலயத்தில் ஈசாக்கின் கிணறுகளைப் பற்றிப் போதிக்கப்படும்போது, கேட்பவர் மனத்தில் தம் ஊர்க் கண்மாயின் மடையும் கரையும் தோன்றுமானால் அவ்வாசிப்பு தொடங்கிவிட்டதாகக் கொள்ளலாம். வட்டாரச் சபைகளின் பிரசங்கக் குறிப்புகள், அறுப்பின் பண்டிகைக் கணக்கேடுகள், மிஷன் காலத்துப் பஞ்ச அறிக்கைகள் ஆகியவற்றை இந்நோக்கில் தொகுத்து ஆராய்வது தமிழியல் ஆய்வாளர் முன்னுள்ள அடுத்த பணி.